பாடக்குறிப்பும் கற்பித்தல் அறமும்: பயிற்சி ஆசிரியர்களை முன்வைத்து ஒரு சிந்தனை

முன்னுரை

ஆசிரியப் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதுதல் தவிர்க்க இயலாத ஒரு கூறாக நெடுங்காலமாக இருந்து வருகிறது. பி.எட். பயிலும் மாணவர், தாம் பள்ளியில் நடத்தப்போகும் ஒவ்வொரு பாடத்திற்கும் குறிக்கோள், முன்னறிவு, ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, தொகுத்துரைத்தல், மதிப்பிடல், வீட்டுப்பாடம் என்னும் பகுப்புகளில் ஒரு குறிப்பை எழுதுகிறார். வழிகாட்டி ஆசிரியரின் ஒப்புதலைப் பெற்று வகுப்பில் நுழைகிறார். கல்வியியல் துறையினர் பாடக்குறிப்பின் தரத்திற்கும் கற்பித்தலின் தரத்திற்கும் உள்ள தொடர்பை அளந்தறிய முற்படுவதுண்டு. குறிப்பு நன்கு அமைந்தால் கற்பித்தலும் நன்கு அமையும் என்பது அம்முயற்சிகளின் பொதுவான எதிர்பார்ப்பு.

இத்தொடர்பை அளப்பதற்கு முன்னர் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. பாடக்குறிப்பு யாருக்குக் கடமைப்பட்டது? வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து மதிப்பெண் இடும் மேற்பார்வையாளருக்கா, முன்வரிசையில் அமர்ந்து பாடம் கேட்கும் மாணவருக்கா? இருவருக்கும் ஒருங்கே கடமைப்பட்டது என்று விடை கூறுதல் எளிது. எழுதிய குறிப்பு ஒரு வழியிலும் வகுப்பின் நிலை வேறு வழியிலும் செல்லும்போது அவ்விடை பயன்படுவதில்லை. அந்நிலையில் பயிற்சி ஆசிரியர் எடுக்கும் முடிவு கற்பித்தல் திறன் பற்றியது மட்டுமன்று, அறம் பற்றியதும் ஆகும். பாடக்குறிப்பின் மதிப்பு அது மாணவரை எண்ணி எழுதப்பட்டதா என்பதைப் பொறுத்தது என்பதும், மாணவரின் பொருட்டு அதனைக் கைவிடும் உரிமையும் அதற்குள்ளேயே அடங்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. சொல்லலும் கற்பித்தலும்

தமிழில் ஆசிரியர் தொழிலைக் குறிக்கும் சொற்களை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 'கற்பித்தல்' என்பது 'கல்' என்னும் பகுதியோடு 'பி' என்னும் பிறவினை விகுதி சேர்ந்து அமைந்தது. பிறவினையில் ஒருவர் செயல் மற்றொருவர் செயலில் நிறைவு பெறுகிறது. குழந்தையை உண்பித்தாள் என்றால் குழந்தை உண்டது என்பது அதனுள் அடங்கும். அவ்வாறே கற்பித்தார் என்றால் மாணவர் கற்றார் என்பதும் அடங்க வேண்டும். மாறாக, நம் பள்ளிகளில் அன்றாடம் வழங்கும் 'பாடம் எடுத்தல்', 'பாடம் நடத்துதல்', 'பாடத்தை முடித்தல்' ஆகிய தொடர்களில் மாணவரின் செயலுக்கு இடமில்லை. மாணவர் ஒருவரும் கற்காத நிலையிலும் பாடத்தை எடுக்கலாம், நடத்தலாம், முடிக்கலாம்.

மேலை மெய்யியலாரும் இவ்வேறுபாட்டை வேறு வழியில் கண்டுள்ளனர். கில்பர்ட் ரைல் 1949ஆம் ஆண்டு வெளியிட்ட 'மனம் பற்றிய கருத்து' என்னும் நூலில் முயற்சியைக் குறிக்கும் வினைச்சொற்களையும் வெற்றியைக் குறிக்கும் வினைச்சொற்களையும் பிரித்துக் காட்டினார். தேடுதல் முயற்சி, கண்டுபிடித்தல் வெற்றி. இசரேல் செஃப்லர் 1960இல் எழுதிய 'கல்வியின் மொழி' என்னும் நூல் இப்பகுப்பைக் கற்பித்தல் என்னும் சொல்லுக்குப் பொருத்தி, அது முயற்சிப் பொருளிலும் வெற்றிப் பொருளிலும் வழங்குவதை விளக்கியது. தமிழில் வெற்றிப் பொருள் சொல்லின் உறுப்பிலேயே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இதனால் பாடக்குறிப்பின் எல்லை தெளிவாகிறது. ஆசிரியர் தம் செயலைத் திட்டமிடலாம். எதனை முதலில் கூறுவது, எந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதுவது, எந்த வினாவை எப்போது கேட்பது என்பனவற்றை அவர் முன்னரே உறுதி செய்துகொள்ளலாம். மாணவர் கற்பர் என்பதை அவர் உறுதி செய்ய இயலாது. அது மற்றோர் உயிரின் செயல். குறிப்பில் 'இப்பாட முடிவில் மாணவர் இதனை வேறுபடுத்தி அறிவர்' என்று எழுதும்போது, பயிற்சி ஆசிரியர் தமக்குரியதல்லாத ஒரு செயலுக்கு முன்கூட்டியே பொறுப்பேற்கிறார். அப்பொறுப்பு எதிர்பார்ப்பாக நிற்கும்வரை சிக்கல் இல்லை. பாடவேளைக்குள் மெய்ப்பித்துக் காட்டியாக வேண்டிய ஒன்றாக அது மாறும்போது அறச்சிக்கல் தோன்றுகிறது. இது பின்னர் விளக்கப்படும்.

2. நன்னூல் காட்டும் ஆயத்தம்

பாடத்தைத் திட்டமிடுதல் மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவாருண்டு. அதன் அச்சிட்ட படிவம் அவ்வாறு வந்ததே. ஆயத்தம் என்னும் கருத்தோ தமிழிலக்கண மரபில் தெளிவாக இடம்பெற்றுள்ளது. பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் பாடம் சொல்லும் முறையை வகுக்குமிடத்து, காலமும் இடமும் அறிதல், சொல்லப்போகும் பொருளை முன்னரே மனத்துள் ஒழுங்குபடுத்திக்கொள்ளுதல், விரைவும் சினமும் இன்றி விருப்பத்தோடும் முகமலர்ச்சியோடும் சொல்லுதல், கேட்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து அவன் உள்ளம் கொள்ளுமாறு சொல்லுதல், மனக்கோணல் இன்மை ஆகியவற்றைக் கூறுகிறது.

இவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. ஒன்று, பொருளை மனத்துள் அமைத்துக்கொள்ளுதல். மற்றொன்று, பெறுவான் பெறும் வகையை அறிதல். முன்னது வகுப்புக்கு முன் முடியக்கூடியது. பின்னது வகுப்புக்கு முன் தொடங்கி வகுப்பினுள்ளும் தொடர வேண்டியது. நன்னூல் இவ்விரண்டையும் ஒரே முறையின் கூறுகளாக வைத்துள்ளது. இன்றைய பாடக்குறிப்புப் படிவம் முன்னதற்குப் பல கட்டங்களை ஒதுக்குகிறது. பின்னதற்கு 'முன்னறிவு' என்னும் ஒரு கட்டமே உள்ளது. அதனையும் பயிற்சி ஆசிரியர் பலர் 'மாணவர் இது பற்றி ஓரளவு அறிந்திருப்பர்' என்ற ஒரே தொடரால் நிரப்பிவிடுகின்றனர்.

ஆசிரியர் ஆகாதவர்க்கு நன்னூல் கூறும் உவமைகளும் ஈண்டு நோக்கத்தக்கவை. கழற்காய் இட்ட குடம் இட்ட முறையில் காய்களைத் தருவதில்லை. கவிழ்த்தால் முறை பிறழ ஒருசேரக் கொட்டிவிடும். ஆயத்தம் இல்லாத கற்பித்தலுக்கு இதனினும் பொருத்தமான உவமை கூறல் அரிது. அறிவு நிறைந்திருந்தும் முறை இன்மையால் கேட்பவர்க்குப் பயன்படாத நிலையை அது உணர்த்துகிறது. பருத்தி அடைத்த குண்டிகையோ அரிதின் உட்கொண்டதை எளிதில் வெளியே தாராது. பிறர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் வளைந்த தென்னை நீர் வார்த்தவர்க்குப் பயன்படாது. வழிபட்டுக் கேட்கும் மாணவரை விடுத்து வேறு ஒருவர்க்குக் கொடுக்கும் ஆசிரியரை அது குறிக்கும். மூன்றாவது உவமையை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நன்னூல் ஆயத்தத்தை வற்புறுத்துகிறது. எனினும் அதனை மற்றொருவர் பார்த்து ஒப்பமிடும் ஆவணமாகக் கருதவில்லை. ஆயத்தம் ஆசிரியரின் உள்ளத்தில் நிகழ்வதாகவும் அதன் பயன் மாணவரின் உள்ளத்தில் விளைவதாகவும் கொள்கிறது. இடையில் மூன்றாமவர் இல்லை.

3. எழுதப்பட்ட குறிப்பின் தோற்றம்

மூன்றாமவர் எவ்வாறு வந்தார் என்பதை வரலாறு காட்டும். ஜெர்மானிய மெய்யியலார் ஹெர்பார்ட் (1776–1841) மனம் புதிய கருத்துகளைப் பழைய கருத்துகளோடு இணைத்தே ஏற்கிறது என்னும் கொள்கையின் அடிப்படையில் கற்பித்தலின் நிலைகளை வகுத்தார். அவருக்குப் பின்வந்த சில்லர், ரைன் ஆகியோர் அவற்றை ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்னும் ஐந்து படிகளாக ஆக்கினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேலைநாட்டு ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களில் இவ்வைந்து படிகள் பரவின. இந்தியக் கல்வியியல் கல்லூரிகளின் பாடக்குறிப்புப் படிவத்தில் இன்றும் அவற்றின் சாயலைக் காணலாம்.

ஜான் டூயி 1910இல் வெளியிட்ட 'நாம் சிந்திக்கும் முறை' என்னும் நூலில் இப்படிகளைப் பற்றிக் கூறிய கருத்து இக்கட்டுரைக்கு மிகவும் தொடர்புடையது. அவர் ஐந்து படிகளை முற்றும் மறுக்கவில்லை. ஆசிரியர் வகுப்புக்கு முன் தம்மைத் தாமே ஆயத்தம் செய்துகொள்ளும்போது எண்ணிப்பார்க்க வேண்டியவற்றின் நிரலாக அவை பயன்படும் என்றார். வகுப்பு அதே வரிசையில் நகர்ந்தாக வேண்டும் என்று கொள்வதையே அவர் மறுத்தார். மாணவரின் சிந்தனை எங்குத் தொடங்கும், எங்குத் திரும்பும் என்பதை எந்த வரிசையும் முன்னரே கட்டளையிட முடியாது. பல வழிகளையும் எண்ணிப் பார்த்துவிட்ட ஆசிரியர்க்கே மாணவர் செல்லும் வழியில் உடன்செல்லும் ஆற்றல் இருக்கும் என்பது அவர் கருத்தின் சாரம்.

பின்வந்த போக்கு வேறாக அமைந்தது. 1949இல் ரால்ஃப் டைலர் பாடத்திட்டத்தின் அடிப்படையாகக் குறிக்கோள்களை முன்னிறுத்தினார். 1956இல் பெஞ்சமின் புளூமும் உடன் பணியாற்றியோரும் அறிவுசார் குறிக்கோள்களை ஆறு வகையாகப் பகுத்தனர். இவை மதிப்பீட்டைத் தெளிவாக்கின என்பதில் ஐயமில்லை. பயிற்சி நிறுவனங்களில் இவை நிலைபெற்றபோது பாடக்குறிப்பின் இயல்பு மாறியது. ஆசிரியர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் வினாக்களாக இருந்தவை, பிறர் சரிபார்க்கக்கூடிய உறுதிமொழிகளாக ஆயின. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கிப் பள்ளிசார் பயிற்சியை 20 வாரமாக நீட்டித்தன. பள்ளியில் செலவிடும் காலம் பெருகியது வரவேற்கத்தக்கது. எழுத வேண்டிய பதிவேடுகளும் அதனோடு பெருகின.

4. குற்றியலுகரப் பாடம்: ஓர் எடுத்துக்காட்டு

இதுவரை கூறியவற்றை ஒரு பாடத்தில் வைத்துப் பார்த்தல் நலம். கேரளத்தில் பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதியிலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் தமிழ் மாணவர் மலையாள எழுத்தையும் அறிவர். அத்தகைய பள்ளி ஒன்றின் நடுநிலை வகுப்பில் பயிற்சி ஆசிரியர் ஒருவர் குற்றியலுகரம் நடத்துவதாகக் கொள்வோம்.

அவர் எழுதிய குறிப்பு முறையாகவே உள்ளது. வல்லின மெய்யை ஊர்ந்து சொல்லின் ஈற்றில் வரும் உகரம் தன் ஒரு மாத்திரையில் குறைந்து அரை மாத்திரையாக ஒலிக்கும்; தனிக்குறிலை அடுத்து வந்தால் குறையாது. 'காசு', 'காது' என்பன குற்றியலுகரம். 'பசு', 'அது' என்பன முற்றியலுகரம். செயல்பாடு: மாணவர் இச்சொற்களை உரக்க ஒலித்து, ஈற்றொலியின் வேறுபாட்டைச் செவியால் உணர்வர். கற்றல் விளைவு: மாணவர் குற்றியலுகரத்தையும் முற்றியலுகரத்தையும் ஒலியால் வேறுபடுத்தி அறிவர்.

வகுப்பில் நிகழக்கூடியது யாது? 'பசு', 'காசு' இரண்டிலும் இதழ் குவிவதில் உள்ள வேறுபாட்டை மாணவர் ஓரளவு உணரக்கூடும். 'அது', 'காது' இரண்டிலும் வேறுபாடு கேட்கவில்லை என்றே பலர் கூறுவர். அவர்கள் கூறுவது பிழையன்று. இன்றைய பேச்சுத் தமிழில் 'அது' என்பதன் ஈற்று உகரமும் பெரும்பாலும் இதழ் குவியாமலே ஒலிக்கிறது. மலையாளம் அறிந்த மாணவர் மேலும் ஒரு வினாவை எழுப்பலாம். இன்றைய மலையாளத்தில் காசு, காது ஆகியவற்றின் ஈற்றில் உகரக் குறியை இடாமல் சந்திரக்கலை இடுவர். பசு என்பதற்கு உகரக் குறியை இடுவர். தமிழில் மட்டும் இரண்டையும் ஏன் ஒரே வகையாக எழுதுகிறோம்? மலையாளத்தில் 'அது' என்பதற்கும் சந்திரக்கலையே இடுகிறார்களே, அது மட்டும் எப்படி முற்றியலுகரம் ஆகும்?

பயிற்சி ஆசிரியர் முன் மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, வினாவை ஒதுக்கிவிட்டுக் குறிப்பைத் தொடர்தல். இரண்டாம் வழி, 'நன்றாகக் கேளுங்கள், அது என்பதில் உகரம் நீண்டு ஒலிக்கிறதல்லவா?' என்று வற்புறுத்தி, 'ஆம்' என்னும் விடையை வகுப்பிலிருந்து வரவழைத்தல். மூன்றாம் வழி, குறிப்பைச் சற்று நிறுத்திவிட்டு மாணவர் கூறியதை உண்மை என ஏற்று அங்கிருந்து தொடங்குதல்.

முதல் வழி வாய்ப்பை இழப்பது. இரண்டாம் வழி அதனினும் கொடியது. எனினும் மேற்பார்வைப் படிவத்தில் அதற்கே மிகுதியான மதிப்பெண் கிடைக்கும். குறிக்கோள் அடையப்பட்டது, மாணவர் விடையளித்தனர், வலுவூட்டல் நிகழ்ந்தது. ஆனால் நிகழ்ந்தது யாது? தன் செவி கேளாத ஒன்றைக் கேட்டதாகச் சொல்ல ஒரு சிறுவன் பழக்கப்படுத்தப்பட்டான். இலக்கணம் என்பது தன் நாவிலும் செவியிலும் உள்ள மொழியைப் பற்றியதன்று, ஆசிரியர் விரும்பும் விடையைப் பற்றியது என்று அவன் கற்றுக்கொண்டான். பிறவினைப் பொருளில் அங்கே கற்பித்தல் நிகழ்ந்தது உண்மை, கற்பிக்கப்பட்டது பொய். எழுதிய விளைவை மெய்ப்பித்துக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி, பயிற்சி ஆசிரியரைச் சான்றைத் திரிக்கும் நிலைக்குத் தள்ளுகிறது. மேற்குறித்த அறச்சிக்கல் இதுவே.

மூன்றாம் வழியை மேற்கொள்ள மனவுறுதி மட்டும் போதாது. குறிப்பில் இடம்பெறாத அறிவும் வேண்டும். தொல்காப்பியப் புணரியல், மெய்யீறு புள்ளியொடு நிற்கும் என்று கூறி, குற்றியலுகரமும் அத்தன்மையது என்கிறது. பழங்காலத்தில் குற்றியலுகரத்திற்கும் புள்ளியிட்டிருக்கலாம் என்று பொருள்கொள்ள அது இடந்தருகிறது. இதனை அறிந்த ஆசிரியர், 'தமிழில் ஏன் வேறுபடுத்தி எழுதவில்லை?' என்ற மாணவரின் வினா பண்டை இலக்கணத்தின் வினாவே என்பதை உணர்வார்.

செவி துணைசெய்யாதபோது புணர்ச்சி துணைசெய்யும் என்பதையும் அவர் அறிவார். 'காசு' என்பதோடு 'இல்லை' சேர்ந்தால் உகரம் கெட்டுக் 'காசில்லை' ஆகும். 'பசு' என்பதோடு சேர்ந்தால் வகர உடம்படுமெய் தோன்றிப் 'பசுவில்லை' ஆகும். இச்சோதனையை மாணவர் தாமே செய்து பார்க்கலாம். 'அது' என்பதைச் சோதித்தால் 'அதுவில்லை', 'அதில்லை' என இரு வடிவும் வரக்கூடும். முற்றியலுகரமும் சில இடங்களில் குற்றியலுகரம் போலக் கெடும் என்று நன்னூலே ஒத்துக்கொள்கிறது. 'அது' என்பதில் ஐயம் கொண்ட மாணவர் மொழியின் ஓர் உண்மையான எல்லைக்கோட்டில் கால் வைத்திருக்கிறார். அதனை அவரிடம் சொல்வதே நேர்மை.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து பாடக்குறிப்புக்கும் கற்பித்தல் தரத்திற்கும் உள்ள தொடர்பு பற்றி ஒரு முடிவுக்கு வரலாம். குறிப்பை மீறிச் செல்ல வல்லவர் ஆயத்தம் குறைந்தவர் அல்லர். குறிப்புக்கு வேண்டியதற்கு மேலும் ஆயத்தம் செய்தவர். நல்ல குறிப்பும் நல்ல கற்பித்தலும் ஒருவரிடம் ஒருங்கே காணப்பட்டால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று உடனே கூறிவிட இயலாது. பொருளறிவும் மாணவர்பால் அக்கறையும் ஆகிய ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்திருக்கலாம். அவ்வேர் இல்லாதவரிடம் படிவத்தை மட்டும் திருத்தினால் குறிப்பு அழகாகும்; கற்பித்தல் மாறாது.

5. பாடக்குறிப்பு யாருக்குத் தரும் வாக்கு?

பாடக்குறிப்பை ஒரு வாக்குறுதியாகக் கொண்டால் இச்சிக்கலின் மெய்யியல் வடிவம் தெளிவாகும். வாக்குறுதிக்கு ஓர் இயல்பு உண்டு. கொடுத்தவர் தம் விருப்பப்படி அதிலிருந்து விலக முடியாது. அதனைப் பெற்றவர் விடுவிக்கலாம். நாளை வருகிறேன் என்று நண்பரிடம் கூறியவர் தாமாக வராதிருத்தல் தவறு. நண்பரே வர வேண்டா என்றால் அவ்வாக்கு முடிவுக்கு வருகிறது.

பாடக்குறிப்பு மாணவர்க்குத் தந்த வாக்காயின், மாணவரின் தேவையே ஆசிரியரை அதிலிருந்து விடுவிக்க வல்லது. 'அது' என்பதில் வேறுபாடு கேட்கவில்லை என்று வகுப்பு கூறும்போது, அக்குறிப்பு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களே அதனைத் தளர்த்திவிட்டனர். மேற்பார்வையாளர்க்குத் தந்த வாக்காயின் நிலை வேறு. விடுவிக்கும் உரிமை கடைசி வரிசையில் உள்ளது. அங்கிருந்து குறிப்பு வராதவரை பயிற்சி ஆசிரியர் எழுதியதையே நிறைவேற்றியாக வேண்டும். ஒரே தாளில் எழுதப்பட்ட ஒரே சொற்கள், யாரை நோக்கியவை என்பதால் இரு வேறு கடமைகளைத் தோற்றுவிக்கின்றன.

நன்னூலின் வளைந்த தென்னை இங்குப் பொருந்தும். வகுப்பில் நீர் வார்ப்போர் மாணவர். தம் நேரத்தையும் கவனத்தையும் தருகின்றனர். காய் விழுவதோ மதிப்பீட்டாளரின் தோட்டத்தில். இதற்குப் பயிற்சி ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அவருடைய தேர்ச்சி அம்மதிப்பெண்ணைப் பொறுத்தது. பலருக்குக் குடும்பத்தின் எதிர்காலமும் அதனைப் பொறுத்ததே. தென்னையை வளைத்தது காற்றா, நிலமா என்பதும் ஆராயத்தக்கது. வரிசை மாறாமையையும் நேரத்தில் முடித்தலையும் முதன்மையாக மதிப்பிடும் அமைப்பு, அவற்றையே பெறுகிறது.

முன்னாண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதுதல் பயிற்சி நிறுவனங்களில் பரவலாக அறியப்பட்ட வழக்கம். 2022ஆம் ஆண்டின் இறுதிக்குப் பின் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தமையால், சில நொடிகளில் குறைவற்ற படிவத்தில் பாடக்குறிப்பைப் பெற முடிகிறது. இதனைச் சோம்பல் என்றோ களவு என்றோ கடிவது எளிது. அக்கடிதல் சிக்கலின் வேரைத் தொடாது. பிறர் ஆக்கிய குறிப்பைப் பயன்படுத்துதல் தன்னளவில் தவறன்று. அரசு வழங்கும் ஆசிரியர் கையேடும் பிறர் ஆக்கியதே. அக்குறிப்பை ஆக்கியவர் நம் வகுப்பின் மாணவரைக் கண்டதில்லை என்பதே அதன் குறை. சித்தூர் மாணவர் சந்திரக்கலை அறிந்தவர் என்பது அதற்குத் தெரியாது. அதனை வாங்கி, இம்மாணவர்க்காக மீண்டும் எண்ணிப் பார்த்த ஆசிரியர் தம் கடமையைச் செய்தவர் ஆவார். எண்ணாமல் தம் கையால் எழுதியவர் அதனைச் செய்யாதவர் ஆவார். இயந்திரம் குறையின்றி நிரப்பக்கூடிய படிவம், மாணவரைப் பற்றிய சிந்தனையை ஒருபோதும் கேட்டதில்லை என்பதையே இன்றைய நிலை வெளிப்படுத்தியுள்ளது.

6. தடைகளும் விடைகளும்

மேற்கூறியவற்றிற்கு மூன்று தடைகள் எழலாம். அனுபவம் மிக்க ஆசிரியர் பலர் விரிவான குறிப்பு எழுதாமலே சிறப்பாகக் கற்பிக்கின்றனர். ஆதலின் பாடக்குறிப்பே வேண்டியதில்லை என்பது முதல் தடை. அவர்கள் எழுதுவதில்லை என்பது உண்மை. எண்ணுவதில்லை என்பது உண்மையன்று. பல்லாண்டுப் பயிற்சியால் பொருள் அவர்கள் உள்ளத்தில் அமைந்துவிட்டது. மாணவர் எங்கு இடறுவர் என்பதும் அவர்க்குத் தெரியும். தொடக்கநிலை ஆசிரியர்க்கு அவ்வமைதி இல்லை. நீந்தத் தெரிந்தவர் மிதவையை விட்டுவிட்டார் என்பதால் கற்பவரிடமிருந்தும் அதனைப் பறித்தல் தகாது.

மாணவர் வினாவுக்காகக் குறிப்பை விடலாம் என்றால் வகுப்பு திசையின்றி அலையும் என்பது இரண்டாம் தடை. இது வலிமையானது. வகுப்பில் ஒருவர் மட்டும் இல்லை. ஒருவர் வினாவுக்கு முழுப் பாடவேளையையும் அளித்தால் மற்றவர்க்குத் தந்த வாக்கு தவறும். எனவே விடுவிக்கும் உரிமை ஒருவரின் ஆர்வத்திற்கு உரியதன்று. வகுப்பின் கற்றல் தேவைக்கு உரியது. 'அது' பற்றிய ஐயம் அனைவரின் செவியிலும் உள்ளது. ஆதலின் அதற்கு நின்று விடை கூறுதல் கடமை. சந்திரக்கலையின் வரலாற்றை விரித்துரைப்பது சிலர்க்கே பயன்படுமாயின் அதனைப் பாடவேளைக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். இதனைப் பிரித்தறிய விதி இல்லை. அரிஸ்டாட்டில் செயலறிவு என்று கூறியது இதுவே: பொது நெறியை அறிதலோடு, இவ்விடத்தில் இப்போது எது தக்கது என்பதைக் காணும் அறிவு.

தொடக்கநிலை ஆசிரியர்க்கு இவ்வளவு சுதந்திரம் தந்தால் தோல்வி மிகும் என்பது மூன்றாம் தடை. தோல்வி நேரும் என்பதில் ஐயமில்லை. கிஜுபாய் பதேகா குஜராத்தியில் எழுதி, தமிழில் 'பகல் கனவு' என்னும் பெயரில் வெளிவந்துள்ள நூலில் வரும் ஆசிரியர், புதிய முறைகளைச் சோதிக்கும் ஆவலோடு முதல் நாள் செய்ய வேண்டியவற்றை முன்னரே வகுத்துக்கொண்டு வகுப்புக்குச் செல்கிறார். அமைதி விளையாட்டு என்று அவர் தொடங்கியதும் வகுப்பு கூச்சலில் மூழ்குகிறது. அவர் தம் திட்டத்தை மாணவர்மேல் திணிக்கவில்லை. மாணவர் கெட்டவர் என்று முடிவு கட்டவும் இல்லை. மறுநாள் கதையிலிருந்து தொடங்குகிறார். முதல் நாள் திட்டம் வீணாயிற்று என்று கூற முடியாது. எதிர்பார்ப்பு என்று ஒன்று இருந்தமையால்தான் அது எங்குத் தவறியது என்பதை அவரால் காண முடிந்தது. திட்டமே இல்லாதவர்க்குத் தோல்வியும் பாடம் ஆவதில்லை.

முடிவுரை

பாடக்குறிப்பு நல்ல கற்பித்தலுக்குத் துணைசெய்யும். அத்துணை, அது மாணவரை நோக்கி எழுதப்படும்போதே கிட்டும். பிறர் சரிபார்ப்பதற்காக எழுதப்படும் குறிப்பு, நெருக்கடி நேரும்போது ஆசிரியரை மாணவர்க்கு எதிராகவும் உண்மைக்கு எதிராகவும் நிறுத்தக்கூடும்.

நடைமுறையில் இதற்குப் பெரும் மாற்றம் தேவையில்லை. 'முன்னறிவு' என்னும் கட்டத்தில் பொதுத்தொடரை ஏற்காமல், இவ்வகுப்பு மாணவர் பேசும் மொழி, அறிந்த எழுத்து, இடறக்கூடிய இடம் ஆகியவற்றை எழுதுமாறு வழிகாட்டி ஆசிரியர் கேட்கலாம். பயிற்சி ஆசிரியர் தம் வகுப்பு அனுபவத்தை எண்ணிப் பதியும் நாட்குறிப்பு இன்றைய பி.எட். பயிற்சியில் இடம்பெற்றுள்ளது. அதனைத் தனிப் பதிவேடாக வைக்காமல் பாடக்குறிப்போடு இணைத்து, குறிப்பிலிருந்து எங்கு விலகினார், ஏன் விலகினார் என்பதற்கு மதிப்பெண் வழங்கலாம். விலகல் குறையாகக் கருதப்படும்வரை அது மறைக்கப்படும். காரணம் கூறவேண்டிய முடிவாகக் கருதப்பட்டால் அதுவே பயிற்சியாகும். மேற்பார்வையாளரும் பாடம் முடிந்தபின் 'குறிப்பின்படி நடத்தினீர்களா?' என்று கேட்பதற்கு முன், 'மாணவர் கூறியவற்றுள் நீங்கள் எதிர்பாராதது எது?' என்று கேட்கலாம்.

தமிழிலக்கணம் கற்பிப்பவர்க்கு இப்பொறுப்பு சற்று மிகுதி. நாம் கற்பிக்கும் பொருள் மாணவரின் நாவில் ஏற்கெனவே உள்ளது. அவர் நாவு கூறும் சான்றும் நம் நூல் கூறும் விதியும் வேறுபடும் இடங்களில், சான்றை அடக்கி விதியைக் காப்பாற்றினால் இரண்டையும் இழப்போம். அவ்வேறுபாட்டைக் கண்டு நின்று விளக்கும் ஆசிரியரை உருவாக்கப் பாடக்குறிப்பு உதவுமாயின் அது எழுதப்பட வேண்டியதே.